கரடியோடு போட்ட சண்டையும் பாயில் கழிந்த ஆண்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் குத்தும் உதையும் மல்யுத்தப் பிடியும் கலந்த கலப்புத் தற்காப்புக் கலையின் வீரர் கபீப் நுர்மகமேதோவைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், இந்த விளையாட்டே மனிதச் சேவற்கட்டு என்று கண்டித்து வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். 32 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி, கபடி அணிகளையும் சில காலம் ஜூடோ மாணவர்களையும் பழக்கியவன் என்ற முறையில், கட்டுரையும் சரி, கண்டனமும் சரி, அந்த வீரரிடம் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டுவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டுரை அவர் சிறுவயதில் கரடியோடு மல்லுக்கட்டியதில் தொடங்கி மலையேற்ற ஓட்டத்தில் முடிந்துவிட்டது. கண்டனக் கடிதமோ ரத்தத்தைத் தாண்டி வரவேயில்லை. இவற்றுக்கு நடுவே, அலுப்பூட்டும் அளவுக்குப் பொறுமையான ஒரு நெடுங்காலப் பயிற்சி இருக்கிறது. அதைப் பற்றியும், அந்தப் பயிற்சியில் நம் பிள்ளைகள் பின்பற்றவே கூடாத ஒரு பகுதியைப் பற்றியும் எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் அந்தக் கரடி. ஒன்பது வயதுச் சிறுவனாகக் கபீப், சங்கிலியில் கட்டப்பட்ட ஒரு கரடிக்குட்டியோடு மல்லுக்கட்டும் காணொளி 1997-ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் பையன்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரிலும், ஆட்டுரோமத் தொப்பி அணிந்த கபீபின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கரடியை வரைந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குட்டியை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது என்பது ஒரு புறம் இருக்கட்டும். அது ஒரு தந்தை தன் மகனின் துணிச்சலைப் பார்க்கச் செய்த சில நிமிட விளையாட்டு. 29 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காத ஒரு வீரனை உருவாக்கியது அதுவல்ல.

உருவாக்கியது ஒரு வீட்டின் தரைத்தளம். ரஷ்யாவின் தென்கோடியில், காஸ்பியன் கடலுக்கு மேற்கே, மலைகளுக்குள் அடங்கிய தாகெஸ்தான் குடியரசில், சில்தி என்னும் சிற்றூரில் 1988-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று கபீப் பிறந்தார். அவார் இனத்தவர். தந்தை அப்துல்மனாப் இளமையில் மல்யுத்தம் பயின்று, ராணுவச் சேவையின்போது ஜூடோவும், சாம்போ என்னும் ரஷ்ய மல்யுத்த முறையும் கற்றுத் தேர்ந்து, பின்னாளில் பயிற்சியாளரானவர். கிரோவாவுல் என்னும் ஊருக்குக் குடும்பம் இடம்பெயர்ந்தபோது, இரண்டடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தையே அவர் பயிற்சிக் கூடமாக மாற்றிவிட்டார். மாடியில் குடும்பம், கீழே மல்யுத்தப் பாய். பெரிய பையன்கள் ஒருவரை ஒருவர் புரட்டிப் போடுவதைப் பார்த்துப் பார்த்தே சிறுவனுக்கு ஆசை வந்தது. நம் ஊரில் தச்சுப் பட்டறையும் நாகசுரமும் உள்ள வீடுகளில் பிள்ளைகள் கற்றுக்கொள்வதும் இப்படித்தான். யாரும் உட்கார வைத்துத் தொடங்குவதில்லை, கண் முதலில் பழகிவிடுகிறது.

தாகெஸ்தானைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். மலைக்கு மலை மொழி மாறும் நாடு. ஆனால் அந்தச் சிறிய மண்ணிலிருந்து, 2016-இலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அப்துல்ரஷீத் சாதுலாயேவைப் போன்ற உலகத் தரமான மல்லர்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். அதற்குக் காரணம் தேடிச் செல்வோர் உணவையும் காற்றையும் குறிப்பிடுவார்கள். நான் பயிற்சியாளனாக நினைப்பது வேறு: ஒரு பையனுக்குத் தினமும் தன்னைவிடச் சற்றுக் கெட்டிக்காரனான பத்துப் பேர் பாயில் கிடைக்கிறார்கள். கபடியில் நல்ல அணி உருவாகும் கிராமங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அப்துல்மனாப் மகனைப் பழக்கிய வரிசை முறைதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. 2001-ஆம் ஆண்டு குடும்பம் தலைநகர் மகாச்கலாவுக்கு வந்தது. 12 வயதிலிருந்து மல்யுத்தம். 15 வயதில் ஜூடோ. 17 வயதில் மீண்டும் தந்தையிடம் போர்முறைச் சாம்போ. ஜூடோவுக்கு மாறியது தமக்குக் கடினமாக இருந்தது என்று கபீபே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் சட்டை அணிந்து மோதப் பழக வேண்டும் என்பதில் தந்தை விடாப்பிடியாக இருந்தார். இந்தச் சட்டை விஷயம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தெரியலாம். மல்யுத்த வீரன் வெற்று உடம்பைப் பிடிக்கப் பழகியவன். அவன் கை எதிராளியின் இடுப்பையும் முழங்காலையும் தேடும். ஜூடோவில் எதிராளி கழுத்துப்பட்டையையும் சட்டைக் கையையும் பற்றி இழுத்து நிலை குலைத்து விடுவான். குனிந்தே நிற்கும் பழக்கமுள்ள மல்லன் அங்கே முதல் நாளிலேயே பறந்துபோய் விழுவான். நிமிர்ந்து நிற்கவும், காலால் தட்டி விழ வைக்கவும், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கவும் அவன் புதிதாகக் கற்க வேண்டும். வென்றுகொண்டிருக்கும் பையனை, தோற்கும் இடத்துக்கு வேண்டுமென்றே அனுப்பத் துணியும் பயிற்சியாளர்கள் மிகக் குறைவு. மாவட்ட அளவில் ஒரு கோப்பை கிடைத்துவிட்டால், அடுத்த ஆண்டும் அதே கோப்பைக்காக அதே பையனை அதே ஆட்டத்தையே ஆட வைக்கும் வழக்கம் என்னிடமும் இருந்தது.

'ஆயுதமற்ற தற்காப்பு' என்பதற்கான ரஷ்யத் தொடரின் சுருக்கமே சாம்போ. சோவியத் ஆட்சிக் காலத்தில் ஜூடோவையும் அந்நாட்டு மக்களினங்களின் மல்யுத்த முறைகளையும் கலந்து உருவாக்கப்பட்டு, 1938-இல் அதிகாரபூர்வ விளையாட்டாக ஏற்கப்பட்டது. அதன் போர்முறைப் பிரிவில் குத்தும் உதையும் உண்டு. கபீப் அதில் 2009-இலும் 2010-இலும் உலகப் பட்டம் வென்றார். அமெரிக்காவின் யு.எஃப்.சி. அமைப்பு கம்பிவலைக் கூண்டுக்குள் நடத்தும் கலப்புத் தற்காப்புப் போட்டிகளில் அவர் முதன்முதலாக இறங்கியது 2012 ஜனவரியில், 23-ஆம் வயதில். 12 வயதில் பாயில் ஏறியவர் உலகம் பார்க்கும் கூண்டுக்குள் நுழைய 11 ஆண்டுகள் ஆயின. மூன்று மாதத்தில் வீரனாக்குகிறோம் என்று விளம்பரத் தட்டி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

அந்த 11 ஆண்டுகள் என்ன தந்தன என்பதற்கு ஒரே ஒரு போட்டி போதும். 2013 மே மாதம் ஏபெல் ட்ருஹியோ என்பவருக்கு எதிராக, தலா ஐந்து நிமிடம் கொண்ட மூன்று சுற்றுகளில், கபீப் 21 முறை அவரைத் தரையில் சாய்த்தார். 15 நிமிடத்தில் 21 முறை! ஒருவனைத் தூக்கிப் போடுவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பதை ஒரு முறை செய்து பார்த்தவர்களே அறிவார்கள். அங்கே நடந்தது இதுதான்: எதிராளி எழுவார், எழும் நொடியிலேயே கபீப் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி மீண்டும் சாய்ப்பார், மறுபடி எழுவார், மறுபடி சாய்ப்பார். ஐந்தாறு முறைக்குப் பிறகு எழும் ஆசையே எதிராளிக்குப் போய்விடும். கபீபின் ஆட்டத்தில் அடி என்பது பெரும்பாலும் பிற்பாடு வருவது. முதலில் களைப்பு வரும்.

கூண்டின் கம்பிவலையை அவர் பயன்படுத்திய விதம் இன்னும் நுட்பமானது. வலைக்கு முதுகைக் கொடுத்து நிற்கும் எதிராளி விழாமல் தப்பிவிடலாம் என்று மற்றவர்கள் நம்பியிருந்தார்கள். கபீப் அவரை ஒரு காலைப் பிடித்து வலையின் அடியிலேயே உட்கார வைத்து, நீட்டிய இரு கால்களையும் தம் கால்களால் பின்னிப் பூட்டிவிடுவார். இப்போது எழ வேண்டுமென்றால் எதிராளி ஒரு கையைத் தரையில் ஊன்றியாக வேண்டும். அந்த ஊன்றும் கையின் மணிக்கட்டைப் பின்புறமாகச் சுற்றிப் பிடித்து இழுத்துவிட்டால், அவரிடம் மிச்சம் இருப்பது ஒரு கை. தாகெஸ்தான் கைவிலங்கு என்று இதற்குப் பெயரே விழுந்துவிட்டது. நம் கபடிக்காரர்களுக்கு இது அந்நியமல்ல. பாடி வந்தவனின் கணுக்காலை மூலைக்காரன் பிடித்தவுடன் மற்றவர்கள் மேலே பாய்ந்து விழுவதில்லை, அவன் எந்தப் பக்கம் கோட்டை எட்டுவானோ அந்தப் பக்கத்தை முதலில் அடைப்பார்கள். பிடி என்பது வலிமையைவிட வழியை அடைப்பது. ஏழு பேர் சேர்ந்து செய்வதைக் கபீப் ஒருவராகச் செய்தார், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தை ஒரே இடத்தில் இருந்து அவர் முடித்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள அமெரிக்கன் கிக்பாக்சிங் அகாடமிக்குச் சென்று, ஹாவியர் மெண்டெஸ் என்ற பயிற்சியாளரிடம் குத்தும் உதையும் செப்பனிட்டுக்கொண்டார். அங்கே கெய்ன் வெலாஸ்கெஸ், டேனியல் கார்மியர் என்னும் இரு கனரக எடைச் சாம்பியன்கள் உடன்பயிற்சி வீரர்கள். 70 கிலோப் பிரிவில் மோதும் ஒருவர் நூறு கிலோவுக்கு மேற்பட்டவர்களோடு பாயைப் பகிர்ந்துகொண்டால், சொந்தப் பிரிவில் வருபவர்கள் இலகுவாகத் தோன்றுவது இயல்பே. மலையேற்ற ஓட்டமும் ஆற்று நீச்சலும் உண்மைதான். படமெடுக்கவும் அவை அழகானவை. ஆனால் அவை துணைப் பயிற்சிகள். அவற்றை மட்டும் செய்கிறவன் நன்றாக ஓடுவான்.

இனி, கண்டனக் கடிதத்துக்கு வருகிறேன். இது மனிதச் சேவற்கட்டு என்று வாசகர் எழுதியிருந்தார். வியப்பாக, அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்னும் 1990-களில் இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார். 1993 நவம்பரில் டென்வர் நகரில் யு.எஃப்.சி. போட்டி தொடங்கியபோது எடைப் பிரிவே கிடையாது. விதிகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. அன்று அந்தச் சொல் பொருந்தியிருக்கலாம். பின்னர் எடைப் பிரிவுகளும், சுற்றுக் கணக்கும், தடைசெய்யப்பட்ட அடிகளின் பட்டியலும், மருத்துவப் பரிசோதனையும், தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டினால் அந்த நொடியே நிறுத்தும் நடுவரும் வந்துவிட்டார்கள். ஆபத்து போய்விட்டதென்று நான் சொல்லவில்லை; தலையில் விழும் அடிக்கு எந்த விதிப்புத்தகமும் கவசமாகாது. ஆனால் கபீபின் கடைசி மூன்று வெற்றிகளும் கழுத்துப்பிடியில் கிடைத்தவை என்பதைக் கண்டனம் எழுதியவர் கவனித்தால் நன்று: 2018 அக்டோபரில் கானர் மெக்ரிகர், 2019 செப்டம்பரில் டஸ்டின் போரியர், 2020 அக்டோபரில் ஜஸ்டின் கேத்ஜி. 2016-இல் மைக்கேல் ஜான்சனை அடியில் வைத்துக்கொண்டு, தயவுசெய்து விட்டுக்கொடுங்கள் என்ற பொருளில் அவர் பேசிக்கொண்டே இருந்த காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அதே போட்டியின் தொடக்கத்தில் அவரும் பலமான குத்து வாங்கியவரே.

அவரை நான் முனிவராக்க முயலவில்லை. மெக்ரிகரை வென்ற அதே இரவில் கூண்டைத் தாண்டிக் குதித்து எதிரணியினர் மீது அவர் பாய்ந்தது மன்னிக்கத்தக்கதல்ல. நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அவருக்கு ஒன்பது மாதத் தடையும் ஐந்து லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. போட்டிக்கு முன் அவருடைய நாட்டையும் மதத்தையும் தந்தையையும் இழித்துப் பேசியிருந்தார்கள் என்பது காரணமாகலாம், நியாயமாகாது. தாம் தரப்போகும் தண்டனை யு.எஃப்.சி. அமைப்பின் தண்டனையைவிடக் கடுமையாக இருக்கும் என்று அப்துல்மனாப் வெளிப்படையாகச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை அந்த இரவில் பயிற்சியாளராக நடந்துகொண்டவர் அவர் ஒருவரே.

நான் இக்கடிதத்தை எழுத முக்கியக் காரணம் எடை. கபீபின் பிரிவின் வரம்பு 155 பவுண்டு, அதாவது 70.3 கிலோ. போட்டியில்லாத நாட்களில் அவர் 80 கிலோவைத் தாண்டி இருப்பார். போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்ப்பார்கள். அதற்குள் உணவைக் குறைத்து, உப்பை நிறுத்தி, கடைசி நாட்களில் தண்ணீரையும் ஒதுக்கி, வெந்நீர்த் தொட்டியிலும் நீராவி அறையிலும் உட்கார்ந்து வியர்வையாக எடையை வெளியேற்ற வேண்டும். நான் மேலே வியந்த அந்த 21 முறைப் போட்டிக்கே அவர் வரம்பைத் தாண்டிய எடையில்தான் வந்தார். 2017 மார்ச்சில் டோனி பெர்கூசனுடன் இடைக்காலப் பட்டத்துக்கான போட்டிக்கு முதல் நாள், எடை குறைக்கும் முயற்சியில் உடல் நலிந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார், போட்டி ரத்தாயிற்று. இந்த இருவருக்கும் இடையே ஐந்து முறை போட்டி குறிக்கப்பட்டு, விலா எலும்பு, நுரையீரல், எடை, முழங்கால், கடைசியில் பெருந்தொற்று என்று ஐந்து முறையும் நடக்காமலே போயிற்று. அவர் 2014 ஏப்ரலுக்குப் பிறகு காயங்களால் இரண்டு ஆண்டுகள் கூண்டுக்குள் வரவேயில்லை. இந்தப் பகுதிகள் சுவர்ப் படங்களில் இடம்பெறுவதில்லை.

நீர் வற்றிய உடலில் ரத்தம் கெட்டிப்படுகிறது, இதயம் அதிகமாக உழைக்கிறது, சிறுநீரகம் தடுமாறுகிறது. 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் என்னும் ஆசியக் கலப்புத் தற்காப்பு அமைப்பின் போட்டிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான்பிங் 21 வயதில் இறந்தார். அதன் பிறகு அந்த அமைப்பு, நீரிழப்பின் மூலம் எடை குறைப்பதைத் தடைசெய்து, வீரர்களின் சிறுநீரைச் சோதித்து உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வினேஷ் போகாட், 50 கிலோப் பிரிவின் இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடியதால் தகுதி இழந்ததை நாடே கண்ணீரோடு பார்த்தது. அன்று எல்லோரும் 100 கிராமைப் பற்றிப் பேசினோம். முந்தைய இரவு முழுவதும் அவர் தம் உடலிலிருந்து வெளியேற்றிய கிலோக்களைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன், எடை வரம்புள்ள ஒரு கபடிப் போட்டிக்கு என் அணியின் சிறந்த பிடிகாரன் ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தான். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு அணிவித்து, நண்பகல் வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தேன். தண்ணீர் கேட்டவனுக்கு வாய் கொப்பளிக்க மட்டும் கொடுத்தேன். எடை சரியாயிற்று. ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடத்தில் கால் நரம்புகள் இழுத்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். அரை நாள் குளுகோஸ் ஏற்றினார்கள். செய்தி அறிந்து வந்த அவன் தாய், "பட்டினி போட்டா சார் விளையாடக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று நான் செய்தது எல்லோரும் செய்ததுதான். யாரும் என்னைத் தட்டிக் கேட்கவுமில்லை.

இப்போது அதே மழைக்கோட்டு வேறு பெயரில், வியர்வைச் சட்டை என்று, இணையக் கடைகளில் விற்கிறது. எங்கள் ஊர்க் கூடத்துப் பையன்களிடம் பேசிப் பார்த்தேன். ஒரு காலைப் பிடித்துச் சாய்க்கத் தெரிந்தவர் அவர்களில் யாரும் இல்லை. விழத் தெரிந்தவரும் இல்லை. ஆனால் மூன்று நாளில் நான்கு கிலோ குறைப்பது எப்படி என்பது எல்லோருக்கும் மனப்பாடம். உலக வீரரிடமிருந்து நம் பிள்ளைகளுக்கு முதலில் வந்து சேர்ந்தது அவருடைய பயிற்சியல்ல, அவரை மருத்துவமனையில் சேர்த்த பழக்கம்.

அப்துல்மனாப் 2020 ஜூலை 3 அன்று, 57 வயதில், கொரோனாத் தொற்றின் பின்விளைவுகளால் மாஸ்கோவில் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில் அபுதாபியில் கேத்ஜியை இரண்டாம் சுற்றில் வென்ற கபீப், கையுறைகளைக் கழற்றிக் கூண்டின் நடுவில் வைத்துவிட்டு, தந்தையில்லாமல் இனி மோதுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு 32 வயது. பணமும் புகழும் மேலும் பல ஆண்டுகளுக்குக் காத்திருந்தன. அதன் பின் அவர் தந்தையின் இடத்தில் அமர்ந்து பழக்கியவர்களில் ஒருவரான இஸ்லாம் மகாசேவ், 2022 அக்டோபரில் அதே எடைப் பிரிவின் பட்டத்தை வென்றார். அவரும் அப்துல்மனாபின் மாணவர்தான்.

ஆகவே தங்களிடம் எனது வேண்டுகோள் இரண்டு. இத்தகைய வீரர்களைப் பற்றி எழுதும்போது, எந்த வயதில், யாரிடம், எந்த வரிசையில், எத்தனை ஆண்டு கற்றார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்; படத்துக்குக் கரடியே வேண்டுமென்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் அந்தத் தரைத்தளத்துக்கும் இடம் கொடுங்கள். இரண்டாவதாக, வளரும் வயதுப் பிள்ளைகள் போட்டிக்காகத் தண்ணீரை நிறுத்துவதால் உடலுக்கு என்ன நேரும் என்பதை விளையாட்டு மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுங்கள். அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால், நானே வெட்டி எடுத்துச் சென்று எங்கள் ஊர்க் கூடத்தில், எடை பார்க்கும் இயந்திரத்துக்கு நேர் மேலே ஒட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தேனி மாவட்டம்.